அனுபவப் பகிர்வு: தட்டின் ஓரத்தில் ஒதுங்கும் காய்கறிகள்

என் மகளுக்கு நான்கு வயது நடந்தபோது, சாம்பாரில் கிடக்கும் கேரட் துண்டைக்கூடத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, பருப்புச் சோறும் அப்பளமும் போதும் என்று அடம்பிடிப்பாள். காய் சாப்பிட்டால்தான் கைப்பேசி என்று நாங்கள் பேரம் பேசியதில், காய் என்றாலே தண்டனை என்பதுதான் அவள் மனத்தில் பதிந்தது. இரண்டிலிருந்து ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு பின்வாங்குவது இயல்பு என்றும், ஒரே காயைப் பத்து, பதினைந்து முறை சுவைத்த பின்னரே பழகும் குழந்தைகள் உண்டு என்றும் மருத்துவர் விளக்கிய பிறகு, வற்புறுத்துவதை அடியோடு நிறுத்தினோம்.

பீன்ஸ் பொரியலை ஒரு தேக்கரண்டி அளவு மட்டும் அவள் தட்டில் வைத்துவிட்டு, நாங்களும் அதையே உண்டோம். சாப்பிடு என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. முதல் வாரம் தொடவே இல்லை. அடுத்த வாரம் தேங்காய்த் துருவலை மட்டும் பொறுக்கினாள். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, "இன்னும் கொஞ்சம் வைங்கம்மா" என்று அவளாகவே கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேரட்டை அரைத்துத் தோசை மாவில் கலந்தும் முன்பு கொடுத்திருக்கிறேன். சத்து சேர்ந்திருக்கும், ஆனால் கேரட்டின் சுவை அவளுக்கு அறிமுகமாகவே இல்லை என்பதால் அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். கசப்பைக் குழந்தைகளின் நாக்கு நம்மைவிடக் கூர்மையாக உணரும் என்பதால், பாகற்காயை இன்னும் சில ஆண்டுகளுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

மறுமொழி 1

எங்கள் வீட்டில் வழி திறந்தது மொட்டைமாடியில். ஆடியில் மூன்று தொட்டிகளில் வெண்டை விதைத்து, தண்ணீர் ஊற்றும் பொறுப்பை மகனிடம் விட்டோம். ஏறத்தாழ 45 நாளில் காய்த்த முதல் பிஞ்சை அவனே பறித்து, கழுவி, பச்சையாகக் கடித்தான். குழம்பில் வெண்டைக்காயைக் கண்டாலே எழுந்து போனவன் அவன்.

மறுமொழி 2

பசி இருக்கிறதா என்பதையும் பாருங்கள், சகோதரி. மாலை ஆறரை மணிக்குப் பாலும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு, எட்டு மணிக்கு என் பேரன் கூட்டைத் தொடவில்லையே என்று வருந்திக்கொண்டிருந்தேன். பாலை நான்கரை மணிக்கு மாற்றிய பிறகு, அவரைக்காய்க் கூட்டுடன் சோற்றை முழுவதும் உண்கிறான்.