துப்பாக்கிக்குப் பலியானவர்களுக்கு நினைவிடம்: நீண்டுகொண்டே போகும் பட்டியலை எப்படிக் கல்லில் பொறிப்பது?

மழைமேகம் (கேள்வி):

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் நகரத்தில், துப்பாக்கிக்கு ஆளைப் பறிகொடுத்த குடும்பங்கள் சேர்ந்து பூங்காவில் ஒரு நினைவிடம் வேண்டும் என்று நகரசபையிடம் கேட்டிருக்கிறார்கள். ஆலோசனை சொல்லக் குடியிருப்போர் சிலரைச் சேர்த்துக் குழு போட்டிருக்கிறார்கள், அதில் நானும் இருக்கிறேன். நாடே பேசும்படியான சம்பவம் எதுவும் இங்கே நடந்ததில்லை. ஒரு தெருவில் ஒருவர், சில வாரம் கழித்து வேறொரு தெருவில் இன்னொருவர் என்றுதான் போய்க்கொண்டிருக்கிறது.

குழுவில் பலர் கருங்கல் சுவர் எழுப்பிப் பெயர் பொறிக்கலாம் என்கிறார்கள். எனக்கு அதில் ஒன்று உறுத்துகிறது. போர் நினைவிடம் என்றால் போர் முடிந்துவிட்டது. இது முடியவில்லையே? பெயர் சேர்க்க இடம் விட்டு வைத்தால் அந்த வெற்றுக் கல் "அடுத்தது யார்" என்று கேட்கிற மாதிரி இருக்காதா? இன்னொன்று, துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்டவர்களையும் சேர்ப்பதா என்ற பேச்சு வந்ததும் யாரும் வாய் திறக்கவில்லை, அப்படியே அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். இப்படிப்பட்ட இடங்களைப் பார்த்தவர்கள், யோசித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

தென்றல்வாசி:

வெற்று இடத்துக்குப் பயப்பட வேண்டாம் என்பேன். வாஷிங்டன் தேசியக் கட்டட அருங்காட்சியகத்தில் துப்பாக்கி வன்முறை நினைவுத் திட்டத்தை வைத்திருந்தபோது போய்ப் பார்த்தேன். மாஸ் டிசைன் குரூப் என்ற கட்டடக்கலை நிறுவனமும் ஹேங்க் வில்லிஸ் தாமஸ் என்ற கலைஞரும், பிள்ளைகளைப் பறிகொடுத்த சிகாகோ பெற்றோர்கள் தொடங்கிய பர்ப்பஸ் ஓவர் பெயின் அமைப்போடு சேர்ந்து செய்தது. 2019இல் முதலில் சிகாகோவில் வைத்தார்கள், 2021இல் வாஷிங்டன், 2024இல் பாஸ்டன். நான்கு வீடுகள், ஒவ்வொன்றிலும் 700 கண்ணாடிச் செங்கல். அமெரிக்காவில் ஒரு வாரத்தில் துப்பாக்கியால் சாகிறவர்கள் அப்போதைய சராசரிக்கு அத்தனை பேர்.

செங்கல்லுக்குள் ஒரு பொருள் இருக்கும். குழந்தையின் காலணி, பட்டமளிப்புத் தொப்பியின் குஞ்சம், புகைப்படம், இப்படி வீட்டிலிருந்து குடும்பத்தார் கொடுத்தது. கூடவே பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு. எப்படி இறந்தார், யார் சுட்டது என்று ஒரு வரிகூடக் கிடையாது. குஞ்சத்தைப் பார்த்ததும் மனசு தானாக அந்த இரண்டு ஆண்டுகளையும் கழித்துப் பார்க்கிறது, வருகிற விடை ரொம்பச் சின்ன எண், அப்புறம் அடுத்ததற்கு நகரவே முடிவதில்லை. நடுநடுவே காலியான செங்கற்களும் நிறைய. அவற்றைப் பார்த்தபோது "அடுத்தது யார்" என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. ஏற்கெனவே போய்விட்ட யாரோ ஒருவரின் பொருள், பிரிய மனமில்லாமல் ஏதோ ஒரு வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது என்றுதான் தோன்றியது.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் கல்லில் வெட்டாதீர்கள். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர், அதாவது வாரத்துக்கு 900க்கும் மேல். கட்டி இரண்டே வருடத்தில் அந்த 700 போதாமல் போய்விட்டது.

செம்மண்பாதை:

தென்றல்வாசி சொல்வது கூரைக்குக் கீழே சரி. பூங்காவில் மழையும் பனியும் இருக்கிறதே. பொருள் வைக்க ஒருமுறை வழி விட்டால் ஜனங்கள் கொண்டுவந்து குவிப்பார்கள், அதை எடுப்பது யார், எங்கே போடுவது? இதே அமெரிக்காவில் நியூடவுன் என்ற ஊரில், சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு வந்து குவிந்த கரடி பொம்மைகள் மட்டும் 60,000க்கும் மேல். குப்பையில் போட முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. தெருவோரங்களில் சேர்ந்துபோன பூக்கள், பொம்மைகளையெல்லாம் கடைசியில் எரித்து, அந்தச் சாம்பலைப் புனித மண் என்று பெயரிட்டுப் பத்திரப்படுத்தினார்கள்.

அங்கே பிறகு கட்டிய நினைவிடத்தை நீங்கள் அவசியம் பாருங்கள். வட்டமான நீர்த்தொட்டி, நடுவில் ஒரு சைக்கமோர் மரம், தொட்டியின் கருங்கல் விளிம்பில் 20 குழந்தைகள், 6 பெரியவர்களின் பெயர்கள். பூவைத் தண்ணீரில் விட்டால் அது சுழன்று சுழன்று மரத்துப் பக்கமாகப் போகிறது. பூ வைக்க இடமும் ஆயிற்று, மலைபோல் சேர்வதும் இல்லை. சம்பவம் 2012 டிசம்பரில், நினைவிடம் திறந்தது 2022 நவம்பரில். விழா எதுவும் எடுக்கவில்லை, முந்தின நாள் குடும்பங்கள் மட்டும் தனியாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பத்து வருடம் என்பது தாமதம் மாதிரித் தெரியும், ஆனால் இதில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு நார்வே இருக்கிறது. 2011இல் உட்டோயா தீவில் நடந்த இளைஞர் முகாமில் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்தான், 69 பேர் கொல்லப்பட்டார்கள். தீவுக்கு எதிரே நிலமுனையையே குறுக்காக வெட்டிப் பிளந்து நினைவுச்சின்னம் செய்யலாம் என்ற வடிவத்துக்குப் பரிசெல்லாம் கிடைத்தது, உலகமே பாராட்டியது. அன்றைக்குப் படகெடுத்துப் போய்ப் பிள்ளைகளைக் காப்பாற்றியவர்களில் அக்கம்பக்கத்து ஆட்களும் உண்டு. தினமும் கண்ணைத் திறந்தால் அந்தப் பிளவைப் பார்க்க முடியாது என்று அங்கே குடியிருப்பவர்கள் எதிர்த்தார்கள், வழக்கு வரைக்கும் போய் 2017இல் அரசு அதைக் கைவிட்டது. உங்கள் பூங்காவைச் சுற்றி யார் குடியிருக்கிறார்கள், அவர்களிடம் யாராவது பேசினார்களா?

கரையோரம்:

தற்கொலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் தம்பி அப்படித்தான் போனான், அதனால் நேராகவே சொல்கிறேன், அவர்களைச் சேர்க்க வேண்டும். மேலே சொன்ன 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கும் மேல். அந்த 700 என்ற கணக்கே அவர்களையும் சேர்த்தால்தான் வரும். அவர்களை விட்டுவிட்டு துப்பாக்கிக்குப் பலியானவர்கள் என்று பெயர்ப்பலகை வைத்தால், வாசலில் நின்று பாதிக் குடும்பங்களைத் திருப்பி அனுப்புவது போலத்தான்.

அவன் அன்றைக்கு இருந்த மனநிலை ஒரு ராத்திரி தாண்டியிருந்தால் மாறியிருக்கலாம். கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்ததால் அந்த ராத்திரி தாண்டவில்லை. மாத்திரையை விழுங்கியவர்களில் பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்கிறார்கள், துப்பாக்கியை எடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. அதனால் இது வேறு கதை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஒரு வேண்டுகோள்தான். எந்தப் பெயருக்குப் பக்கத்திலும் காரணத்தை எழுதாதீர்கள், காரணத்தை வைத்துத் தனித்தனி வரிசையும் போடாதீர்கள். பெயர் வேண்டுமா வேண்டாமா என்பதைக் குடும்பம் சொல்லட்டும். என் அம்மா முதல் இரண்டு வருடம் வேண்டவே வேண்டாம் என்றிருப்பார், இன்றைக்குக் கேட்டால் முதல் ஆளாகப் போய் எழுதிக் கொடுப்பார். ஆகவே இன்ன தேதிக்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்று கெடு வைத்துவிடாதீர்கள்.

அறிவழகு:

உங்கள் எல்லாரையும் மதித்துச் சொல்கிறேன், எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. கல் நட்டு, பூ வைத்து, நகரசபைக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு போனபின் எதுவும் மாறவில்லை என்றால் அந்தத் தாய்மார்களுக்கு என்ன பதில்? ஆஸ்திரேலியாவில் போர்ட் ஆர்தரில் 1996 ஏப்ரலில் 35 பேர் கொல்லப்பட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் மாநிலங்களெல்லாம் சேர்ந்து துப்பாக்கிச் சட்டத்தைக் கடுமையாக்க ஒப்புக்கொண்டன, ஏறக்குறைய 6,50,000 துப்பாக்கிகளை அரசே விலை கொடுத்து வாங்கி அழித்தது. நினைவுத் தோட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. முதலில் சட்டம், அப்புறம் கல்.

தென்றல்வாசி:

அறிவழகு, ஒரு நகரத்துப் பூங்காக் குழுவால் நாட்டின் சட்டத்தை மாற்ற முடியாது. அதற்காக அந்தக் குடும்பங்கள் உட்கார ஓர் இடமும் இல்லாமல் காத்திருக்க வேண்டுமா? அந்தக் கண்ணாடி வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் பெற்றோர்களே சட்டத்துக்காகவும் குரல் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

போர்ட் ஆர்தரிலிருந்து எடுத்துக்கொள்ள வேறொன்று இருக்கிறது. சம்பவம் நடந்த உணவகத்தின் சுவர்களை மட்டும் கூரையில்லாமல் அப்படியே விட்டு, பக்கத்தில் ஒரு நீர்த்தடாகம் வைத்திருக்கிறார்கள். அங்கே வேலை செய்தவர்களில் பலர் கூட வேலை பார்த்தவர்களையும் உறவுகளையும் இழந்தவர்கள். அதனால் அன்றைக்கு என்ன நடந்தது என்று ஊழியர்களிடம் கேட்காதீர்கள், இதைப் படித்துக்கொள்ளுங்கள் என்று வருகிறவர்களுக்கு அச்சிட்ட தாள் கொடுத்தார்கள். சுட்டவனின் பெயரும் எங்கேயும் இல்லை.

மழைமேகம்:

எல்லாருக்கும் நன்றி. கரையோரம், உங்களுக்குத் தனியாக நன்றி, நீங்கள் எழுதியதைப் பெயர் குறிப்பிடாமல் குழுவில் வாசிக்கலாமா? கெடு வைக்கக் கூடாது என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, விண்ணப்பப் படிவத்தில் கடைசித் தேதி போட்டே வைத்திருந்தோம், அதை எடுக்கச் சொல்லப் போகிறேன். சுவருக்குப் பதிலாக ஒவ்வொரு பெயரும் தனிக் கல்லாகத் தரையில் பதிக்கிற மாதிரி இருந்தால், பின்னால் எப்போது கேட்டாலும் சேர்க்கலாம், முன்கூட்டியே காலி இடமும் தெரியாது என்று நினைக்கிறேன். பூங்காவைச் சுற்றி இருப்பவர்களிடம் இதுவரை யாரும் பேசவில்லை.

கரையோரம்:

தாராளமாக வாசியுங்கள். ஆனால் தரையில் வேண்டாம். அவன் பெயரை யாரும் மிதித்துப் போவதை அம்மாவால் பார்க்க முடியாது. உட்கார்ந்தால் கைக்கு எட்டுகிற உயரத்தில் வையுங்கள்.

செம்மண்பாதை:

அதுதான் சரி. தாழ்வான திண்ணை மாதிரி ஒரு சுவர், அதன் மேல்பரப்பில் தனித்தனிக் கற்கள், பூங்காப் பாதையோடு நீட்டிக்கொண்டே போகலாம். பராமரிப்புச் செலவை யார் ஏற்பது என்று இப்போதே நகரசபையிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள், குடும்பங்கள் தலையில் கட்டிவிடப் போகிறார்கள்.