திரவ உலோக ஆன்டெனா: குழாயில் ஒட்டும் படலத்தை எப்படித் தவிர்ப்பது?

வணக்கம். எம்.இ. புராஜெக்ட்டுக்காக, திரவ உலோகத்தை சிலிகான் ரப்பர் குழாய்க்குள் தள்ளியும் வெளியே இழுத்தும் நீளத்தை மாற்றும் ஆன்டெனா ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். வேலை இல்லாத நேரத்தில் உலோகத்தை முழுக்க இழுத்துவிட்டால் அங்கே வெறும் சிலிகான் ரப்பர்தான் மிஞ்சும், ரேடார் அலையைத் திருப்பி அனுப்பப் பெரிதாக எதுவும் இருக்காது, இதில் எனக்கு ரொம்பப் பிடித்ததே அதுதான். நான் பயன்படுத்தும் உலோகக் கலவை எடையில் 75.5% காலியம், 24.5% இண்டியம், சுமார் 15.5 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ஆன்டெனா நீளத்துக்குக் கணக்கு: 2.4 கிகாஹெர்ட்ஸுக்குக் காற்றில் கால் அலைநீளம் 31 மி.மீ., ரப்பருக்குள் இன்னும் குறையும்.

தள்ளும்போது பிரச்சினை இல்லை. சிரிஞ்சால் திரும்ப இழுத்தால் சுவரெல்லாம் சாம்பல் படலம், நடுநடுவே ஊசிமுனை அளவுக்கு உலோக மணிகள். காற்று பட்டதுமே சில நானோமீட்டர் ஆக்சைடு தோல் உருவாகி ஒட்டிக்கொள்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டுப் பார்த்தேன், ஒட்டுவது நின்றது, ஆனால் ஹைட்ரஜன் குமிழி வருகிறது, கரைசலும் மின்சாரம் கடத்துவதால் அளவீடு கெட்டுப்போகிறது.

குழாய்ச் சுவருக்குப் பூச்சு ஏதாவது கொடுத்துச் சமாளித்தவர்கள் உண்டா? அப்புறம், எதிரொலியற்ற அறை (சுவரில் பட்ட அலை திரும்பி வராத சோதனை அறை) இல்லாமல், நெட்வொர்க் அனலைசரும் (அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கும் கருவி) இரண்டு ஹார்ன் ஆன்டெனாவும் மட்டும் வைத்து எதிரொளிப்பு எவ்வளவு குறைகிறது என்று நம்பும்படி அளக்க முடியுமா? அடுத்த மாதம் ரிவ்யூ, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.