டர்பனிலிருந்து ஜோபர்க்: ஹிமாலயனை டிரெய்லரில் கட்டுவது எப்படி?

மிட்ராண்ட் தம்பி:
டர்பன் சாட்ஸ்வர்த்தில் ஒருவரிடம் பழைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பேசி முடித்துவிட்டேன். சனிக்கிழமை ஜோபர்க்குக்கு (ஜோகன்னஸ்பர்க்) கொண்டுவர வேண்டும். ஓட்டிக்கொண்டே வரலாமே என்பீர்கள். டயர் இரண்டும் வழுக்கை, லைசென்ஸ் டிஸ்க்கும் (வண்டியில் ஒட்டும் உரிம வில்லை) காலாவதி. அதனால் நண்பனின் பக்கி, அதன் பின்னால் வாடகை டிரெய்லர். (தென்னாப்பிரிக்காவுக்கு வந்து மூன்று வருடம் ஆகியும் பிக்கப் வண்டியைப் பக்கி என்று சொல்லும்போது யாரையோ திட்டுவது போலத்தான் இருக்கிறது.) விற்றவர், "சைடு ஸ்டாண்டில் நிறுத்தி இடது பக்கம் சாய்த்துக் கயிற்றால் இறுக்கிவிடு, ஆடாது" என்கிறார். என்-3 சாலையில் ஏறக்குறைய 570 கிலோமீட்டர். தாங்குமா?

சாட்ஸ்வர்த் பெரியவர்:
தாங்கும். முப்பது வருடமாக அப்படித்தான் கட்டுகிறேன். தைப்பூசத்துக்குத் தேர்ச் சட்டத்தையே லாரியில் ஏற்றிக் கயிறு போட்டு இறக்கியவன் நான், ஒரு குஞ்சம் கூட உதிர்ந்ததில்லை. லாரிக்காரர் முடிச்சு தெரிந்தால் போதும். ராட்செட் ஸ்ட்ராப் (கைப்பிடியை ஆட்ட ஆட்ட ‘கிளிக்’ என்று இறுகும் பட்டை) என்பதெல்லாம் முடிச்சுப் போடத் தெரியாதவர்களுக்குக் கடைக்காரன் கண்டுபிடித்தது.

பீனிக்ஸ் மெக்கானிக்:
அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், தேருக்கு நான்கு கால், பைக்குக்கு இரண்டு. அதுவும் இது 199 கிலோ. சைடு ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டினால் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி எழும்பி அதே ஸ்டாண்டின் மேல்தான் உட்காரும், கயிற்றின் இழுவையும் சேர்ந்து அங்கேயே இறங்கும். ஸ்டாண்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரும்புக் காது வளைந்துபோய் என் பட்டறைக்கு வந்த வண்டிகள் உண்டு. சென்டர் ஸ்டாண்டும் வேண்டாம்.

தம்பி, ஸ்டாண்டை மடக்கி வண்டியை நேராக நிறுத்துங்கள். முன் சக்கரம், அதைப் பிடிக்க டிரெய்லரில் இருக்கும் முட்டுக்குள் போய் இறுக உட்கார வேண்டும். முன்பக்கம் இரண்டு ஸ்ட்ராப், வண்டியிலிருந்து கீழாகவும் முன்னோக்கியும் வெளிப்பக்கமாகவும், சுமார் 45 டிகிரி சாய்வில். பின்னால் இன்னும் இரண்டு, பின்பக்கம் துள்ளி நகராமல் இருக்க மட்டும். முன்னால் கட்டும் இடம் ஹேண்டில்பார் முனை இல்லை, ஃபோர்க் குழாய்களை (முன் சக்கரத்தைத் தாங்கி ஸ்பிரிங் போல அமுங்குபவை) சேர்த்துப் பிடிக்கும் கீழ் கிளாம்ப். அதில் துணி வளையத்தைச் சுற்றி, கொக்கியை அந்த வளையத்தில் மாட்டுங்கள், பெயிண்டும் பிழைக்கும். டேங்க் பக்கத்தில் இருக்கும் இரும்பு ரேக்கைப் பார்த்ததும் கை தானாக அங்கே போகும், போகக் கூடாது. அது கேன் மாட்டுவதற்கு.

செம்மண் டிராக்:
முன்பக்கத்தை எவ்வளவு அமுக்குவது என்று ஏன் சொல்லவில்லை? நாங்கள் மோட்டோகிராஸ் பைக்குகளை வாராவாரம் ஏற்றுகிறோம். டயருக்கும் மேல் மட்கார்டுக்கும் நடுவில் மரக்கட்டையைச் செருகி, கட்டை கடிக்கும் வரை இறுக்குவோம். இல்லாவிட்டால் நடந்தது தெரியும்: பள்ளத்தில் ஃபோர்க் இன்னும் அமுங்கும், ஸ்ட்ராப் ஒரு நொடி தொளதொளக்கும், கொக்கி கழன்று விழும். கட்டை இருந்தால் அமுங்க இடமே இல்லை. ஆயில் சீலும் தப்பிக்கும்.

பீனிக்ஸ் மெக்கானிக்:
உங்கள் வண்டிக்குச் சரி. ஹிமாலயன் 411-ல் இரண்டு மட்கார்டு, அலகு மாதிரி மேலே ஒன்று, டயரை ஒட்டிக் கீழே ஒன்று. கட்டையை எங்கே வைப்பார்? கீழ் மட்கார்டு மேல் வைத்து இறுக்கினால் முதல் வேகத்தடையிலேயே அது பிளந்துவிடும். கொக்கி கழலும் என்ற பயம் நியாயம்தான். அதற்குத்தான் வாயில் தாழ்ப்பாள் உள்ள கொக்கி விற்கிறார்கள், இருபது முப்பது ராண்டு கூடுதலாகப் போகட்டும்.

அமுக்கும் அளவு: இந்த ஃபோர்க்கின் முழு இயக்கம் 200 மில்லிமீட்டர், அதில் பாதி போதும். முன் சக்கர அச்சிலிருந்து கிளாம்ப் வரை டேப் வைத்து அளந்துகொண்டு, 100 குறையும் வரை இறுக்குங்கள். கழுத்தைப் பிடித்து நெரிப்பது மாதிரி கடைசி வரை அமுக்காதீர்கள். ஃபோர்க் கொஞ்சமாவது மூச்சுவிட வேண்டும், இல்லையென்றால் ரோட்டின் அடி முழுக்க ஸ்ட்ராப்புக்கும் சட்டத்துக்கும் போகும். ஒருவர் மேலே உட்கார்ந்து முன்பக்கத்தை அழுத்த, இன்னொருவர் இடது இரண்டு கிளிக், வலது இரண்டு கிளிக் என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். ஒரே பக்கம் இழுத்தால் வண்டி கோணலாகும்.

சாட்ஸ்வர்த் பெரியவர்:
கிளிக், டேப், அளவு! பைக் கட்டுகிறீர்களா, சட்டை தைக்கிறீர்களா? கியராவது போடலாமா, அதற்கும் அளவு உண்டா?

செம்மண் டிராக்:
முதல் கியர். பின் சக்கரம் உருளாது.

பீனிக்ஸ் மெக்கானிக்:
நான் நியூட்ரலில் விடுவேன். அவர் கியரில் போடுவார். இரண்டு வண்டியும் ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறது, இதற்குச் சண்டை வேண்டாம்.

மூயி ரிவர் அக்கா:
எல்லோரும் பைக்கையே கட்டுகிறீர்கள், டிரெய்லரைப் பார்க்க ஆளில்லை. தம்பி, பைக்கின் எடை டிரெய்லர் அச்சுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் 90-ஐத் தாண்டியதும் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும், வான் ரீனன் கணவாயில் லாரிகளுக்கு நடுவே அது நடந்தால் குலதெய்வம்தான் துணை. உங்கள் கோட் பி (சாதாரண கார்) லைசென்ஸில் மொத்த எடை 750 கிலோ வரையுள்ள டிரெய்லர்தான் இழுக்கலாம், வாடகைக்காரரிடம் கேளுங்கள். டிரெய்லருக்குத் தனி நம்பர் பிளேட்டும் டிஸ்க்கும் இருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று அவர் முன்னாலேயே பாருங்கள்.

என் கதை ஒன்று. போன வருடம் வாடகைக்கு எடுத்த டிரெய்லரில் முட்டுக்கு நான்கு போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான். கவனிக்கவில்லை. அதைவிட மோசம், ராட்செட்டில் மிஞ்சிய ஸ்ட்ராப் வாலைச் சும்மா சுருட்டிச் செருகிவிட்டேன். மூயி ரிவர் டோலில் பணம் வாங்கிய பெண், "அக்கா, பின்னால் பாம்பு வருகிறது" என்று சிரித்தாள். இறங்கிப் பார்த்தால் ஒன்றரை மீட்டர் ஸ்ட்ராப் ரோட்டில் தேய்ந்து நுனி பஞ்சாகி, டிரெய்லர் சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில். சக்கரத்தில் சுற்றியிருந்தால் ராட்செட்டையே பிடுங்கியிருக்கும். வாலை முடிச்சுப் போட்டு, மேலே டேப் சுற்றுங்கள். தார்பாயும் போடாதீர்கள், காற்றில் படபடத்துப் பெயிண்டை உரசித் தள்ளிவிடும்.

சாட்ஸ்வர்த் பெரியவர்:
பார்த்தீர்களா, கடைசியில் முடிச்சுத்தான் வேண்டியிருக்கிறது.

மூயி ரிவர் அக்கா:
வாலுக்கு முடிச்சு அண்ணே, வண்டிக்கு இல்லை. நைலான் கயிறு நனைந்தால் நீளும், வான் ரீனன் மூடுபனியில் போய்ப் பாருங்கள்.

மிட்ராண்ட் தம்பி:
வந்து சேர்ந்துவிட்டேன். நான்கு ஸ்ட்ராப், தாழ்ப்பாள் கொக்கி, பாதி அமுக்கம், கட்டை இல்லை. கியரில் போட்டேன், மெக்கானிக் அண்ணன் மன்னிக்கவும். மரியன்ஹில் டோல் தாண்டி ஓரம் கட்டிப் பார்த்தபோது இடது முன் ஸ்ட்ராப் இரண்டு கிளிக் தளர்ந்திருந்தது, துணி வளையம் கிளாம்பில் சரிந்து உட்கார்ந்ததால்தான். இறுக்கினேன். அதன் பிறகு ஹாரிஸ்மித்தில் பார்த்தேன், வில்ஜ் டோலில் பார்த்தேன், அசையவில்லை. வான் ரீனனில் பத்தடி முன்னால் தெரியாத பனி, பைக் மேல் எல்லாம் நீர்த்துளி. வீட்டில் இறக்கும்போதுதான் பலகை வழுக்கி என் கணுக்கால் வீங்கியிருக்கிறது.

சாட்ஸ்வர்த் பெரியவர்:
இரண்டு கிளிக் தளர்ந்ததல்லவா? அது போதும் எனக்கு. கணுக்காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தடவு.