அப்பாவுக்கு மெர்க்கல் செல் கார்சினோமான்னு (ஒரு வகை தோல் கேன்சர்) பயாப்சி ரிப்போர்ட் வந்திருக்கு, சர்ஜரிக்கு முன்னாடி என்ன கேட்கணும்?

செம்பருத்தி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயசு 67, கிட்னி மாத்தி ரொம்ப வருஷமாச்சு, அதுக்காக எதிர்ப்பு சக்திய அடக்கற மாத்திரை இன்னும் போட்டுக்கிட்டுதான் இருக்காரு. காதுக்கு முன்னாடி கன்னத்துல பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி, செவப்பும் ஊதாவும் கலந்து பளபளன்னு வந்துச்சு. வலி இல்ல, அரிப்பு இல்ல, டாக்டரும் முதல்ல சாதாரண நீர்க்கட்டி மாதிரிதான் இருக்குன்னாரு. ஆனா வாரத்துக்கு வாரம் பெருசாகவும் பயாப்சிக்கு அனுப்பினாங்க. சிகே20 பாசிட்டிவ், டிடிஎஃப்1 நெகட்டிவ்னு எழுதியிருக்கு, அது நல்லதா கெட்டதா? வைரஸ்னால வரும்னு வேற படிச்சேன், வீட்ல கைக்குழந்தை இருக்கு, ஒட்டிக்குமோன்னு பயமா இருக்கு.

கடலோடி:
தோழி, முதல்ல குழந்தைய அப்பா மடியிலயே விடுங்க, கேன்சர் ஒட்டாது. 2008ல பிட்ஸ்பர்க்ல கண்டுபிடிச்ச மெர்க்கல் செல் பாலியோமாவைரஸ் அது, பெரும்பாலான பேர் தோல்ல சும்மா இருக்கறதுதான், யாரோ ஒருத்தருக்குத்தான் அது செல்லோட டிஎன்ஏவுக்குள்ள போய் மாட்டிக்கிட்டு கட்டியாகுது. வைரஸே இல்லாம வெயில் பட்டுப்பட்டு வர்றதும் உண்டு.

நுரையீரல்ல வர்ற ஸ்மால் செல் கேன்சரும் மைக்ராஸ்கோப்ல இதே மாதிரி சின்னச் சின்ன நீல செல்லாத்தான் தெரியும். அங்கேருந்து பரவினதா, தோல்லயே ஆரம்பிச்சதான்னு பிரிக்கத்தான் அந்த சிகே20, டிடிஎஃப்1ங்கற ரெண்டு ஸ்டெயினும் (செல்லுக்கு சாயம் ஏத்திப் பார்க்கற டெஸ்ட்). உங்க ரிப்போர்ட் தோல்ல ஆரம்பிச்சதுன்னு சொல்லுது, அவ்வளவுதான்.

டாக்டர் மேல வருத்தப்படாதீங்க. 195 பேர வச்சு 2008ல வந்த ஆய்வுல பாதிக்கு மேல கட்டிங்கள பயாப்சிக்கு முன்னாடி சாதாரணக் கட்டின்னுதான் நினைச்சிருக்காங்க. வலிக்காது, வேகமா வளரும், 50 வயசு தாண்டினவங்க, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க, வெயில் படுற இடம், இந்த அஞ்சுல குறைஞ்சது மூணு 89 சதவீதம் பேருக்கு இருந்துச்சு. உங்கப்பாவுக்கு அஞ்சும் இருக்கு. வலிக்கலன்னு யாரும் இந்த மாதிரி கட்டிய விடவே கூடாது.

ஆலமரம்:
எங்க மாமாவுக்கு இதே வியாதி, அதனால சொல்றேன். சர்ஜரி தேதிக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கண்டிப்பா கேளுங்க, சென்டினல் நோட் பயாப்சி சேர்த்து பண்றாங்களான்னு. கட்டி இருந்த இடத்துல ட்ரேசர்ங்கற அடையாள மருந்த ஊசி போட்டு, அது முதல்ல போய்ச் சேர்ற நிணநீர் முடிச்ச எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்க. கழுத்த தடவிப் பார்த்து ஒண்ணுமில்லன்னு சொன்னவங்கள்லயே ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு அதுக்குள்ள கேன்சர் செல் ஒளிஞ்சிருக்கு. கட்டிய அகலமா வெட்டின பிறகு நிணநீர் போற அந்த வழியே மாறிடும், அப்புறம் பார்த்தா சரியா தெரியாது, அதான் அதுக்கு முன்னாடியோ அதே ஆபரேஷன்லயோ பண்ணணும். வேற எங்கயாவது பரவியிருக்கான்னு பார்க்கற பெட் ஸ்கேனும் கேளுங்க. பெரும்பாலும் சர்ஜரிக்கு அப்புறம் ரேடியேஷன் இருக்கும், இந்த கேன்சர் ரேடியேஷனுக்கு நல்லாவே அடங்கும்.

செம்பருத்தி:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும், படிச்சப்புறம்தான் மூச்சே வந்துச்சு. ஒருவேளை பரவியிருந்தா இம்யூனோதெரபி நல்லா வேலை செய்யும்கறாங்களே, அப்பாவுக்குக் குடுப்பாங்களா?

கடலோடி:
பொதுவா பரவினவங்களுக்கு இப்ப முதல்ல அதத்தான் பார்க்கறாங்க. கீமோவுல கட்டி சுருங்கும், ஆனா பல பேருக்கு சில மாசத்துலயே திரும்ப வந்துடும். 2017ல அவெலுமாப்ங்கற இம்யூனோதெரபி மருந்து அனுமதி வாங்கினதும் நிலைமை மாறுச்சு, மருந்து வேலை செய்யறவங்களுக்கு பலன் நீண்ட நாள் நிக்குது. ஆனா உங்கப்பா விஷயம் வேற. அந்த மருந்து எதிர்ப்பு சக்தியத் தட்டி எழுப்பும், எழும்பினா அது மாத்தி வச்ச கிட்னியையும் தாக்கலாம், கணிசமான பேருக்கு கிட்னி போயிருக்கு. அதனால கேன்சர் டாக்டரும் கிட்னி டாக்டரும் இப்பவே பேசிக்கணும், பரவுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மாத்திரை டோஸ குறைக்கிறதோ வேற மாத்திரைக்கு மாத்துறதோ அவங்க சேர்ந்து எடுக்கற முடிவு, பயத்துல நீங்களா ஒரு வேள கூட நிறுத்திடாதீங்க.

ஆலமரம்:
இன்னொண்ணு, இது திரும்ப வந்தா பெரும்பாலும் முதல் ரெண்டு மூணு வருஷத்துலதான் வரும். அதுவரைக்கும் செக்கப்ப தள்ளிப் போடாதீங்க. தழும்பச் சுத்தியும், காதுக்கு முன்னாடி, தாடைக்குக் கீழ, கழுத்துலயும் விரல் வச்சு எப்படிப் பார்க்கறதுன்னு டாக்டர்கிட்ட கேட்டுப் பழகிக்கோங்க. புதுசா ஏதாவது தட்டுப்பட்டா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரட்டும்னு இருக்காம அன்னைக்கே போன் பண்ணுங்க.