லாப்லாந்தில் ஸ்கீ விடுமுறை: லெவியா, ரூகாவா, யில்லாஸா? எந்த மாதம்?

தேன்சிட்டு:
வணக்கம். நாங்க நாலு பேர். பெரியவங்க ரெண்டு பேர், பிள்ளைகளுக்கு 6 வயசும் 11 வயசும். யாருமே இதுவரை ஸ்கீ மாட்டினதில்லை. ஃபின்லாந்து லாப்லாந்துல ஒரு வாரம் தங்கி ஸ்கீ கத்துக்கணும், முடிஞ்சா அரோராவும் (ராத்திரி வானத்துல தெரியுற வடதுருவ ஒளி) பார்க்கணும். கார் ஓட்டுற எண்ணம் இல்லை. டிசம்பர் கடைசியா, மார்ச்சா? ஸ்வீடன் பக்கம் ரிக்ஸ்கிரான்சன்னும் ஒரு பேர் அடிபடுதே, அது எப்படி? வாடகைக்கு சாமான் எடுக்கும்போது என்ன பார்க்கணும்?

வடக்குவாசல்:
முதல்ல மாதத்தை முடிவு பண்ணுங்க, மலை அப்புறம். லெவி இருக்கிற அட்சரேகையில டிசம்பர் ரெண்டாவது வாரத்துல இருந்து ஜனவரி தொடக்கம் வரைக்கும் சூரியன் உதிக்கவே உதிக்காது. நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் நீல வெளிச்சம், அவ்வளவுதான். சரிவுகள்ல விளக்கு போட்டிருப்பாங்க, அதனால ஸ்கீ நிக்காது. ஆனா முதல் தடவை கத்துக்கிற பிள்ளைக்கு இருட்டும் மைனஸ் 25 குளிரும் சேர்ந்து வந்தா ரெண்டாம் நாளே "போகலாம்"னு அழும். ஃபின்லாந்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே (1999 ஜனவரி, மைனஸ் 51.5) லெவி அடங்கிய கிட்டிலா நகராட்சியில்தான். தினமும் அப்படி இருக்காது, ஆனா டிசம்பர், ஜனவரியில அந்தப் பக்கம் சாயும்னு நினைச்சுக்கோங்க.

மார்ச் நடுப்பகுதிக்கு மேல பகல் 12 மணி நேரம், பனி நல்ல கனத்துல இருக்கும், ராத்திரியும் அரோராவுக்குப் போதுமான இருட்டு. ஏப்ரல் நடுவுல வானம் வெளுக்க ஆரம்பிச்சிடும், அப்புறம் அரோராவை மறந்துடலாம். பிப்ரவரி பின்பாதியும் மார்ச் தொடக்கமும் ஃபின்லாந்துப் பள்ளிகளுக்குப் பனி விடுமுறை. வருஷத்தின் 8, 9, 10-ம் வாரங்கள்ல பகுதி பகுதியா விடுவாங்க. விலையும் ஏறும், பயிற்சி வகுப்பும் நிரம்பிடும். ஈஸ்டர் வாரமும் அப்படியே.

ரிக்ஸ்கிரான்சன் உங்களுக்கு இல்லை. துருவ வட்டத்துக்கு 200 கி.மீ. வடக்கே, மரமில்லாத மலை. இருட்டுக் காலத்துல மூடி வச்சு பிப்ரவரியிலதான் திறக்குறாங்க. பயிற்சி உள்ளவங்க மே மாசம் வரைக்கும் தேடிப் போற இடம் அது. காத்து அடிச்சா ஒதுங்க ஒரு மரம் கிடையாது.

பனித்தடம்:
மேலே சொன்னதோட ஒத்துப்போறேன். ரிசார்ட் தேர்வுல மட்டும் ஒண்ணு சேர்க்கணும். எல்லாரும் உச்சிக்கும் அடிவாரத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறாங்க: யில்லாஸ் 463 மீட்டர், லெவி 325, ரூகா 201. முதல் வாரம் கத்துக்கிறவங்களுக்கு இந்த எண்ணால ஒரு பிரயோஜனமும் இல்லை. அவங்க நாள் முழுக்க இருக்கப்போறது 50 மீட்டர் பச்சைச் சரிவுல (பச்சைன்னா ரொம்ப எளிசான சரிவு). பார்க்க வேண்டியது ரெண்டு: விடுதியில இருந்து சரிவுக்குப் பூட்ஸ் போட்டு நடக்கிற தூரம், அங்கே என்ன லிஃப்ட் இருக்குங்கிறது.

லாப்லாந்துல டி-பார் லிஃப்ட் (தலைகீழ் T வடிவக் கம்பி, ஸ்கீயோட நிக்கிறவங்களைச் சரிவுல மேலே இழுத்துட்டுப் போகும்) இன்னும் நிறைய. அதுல உட்காரக் கூடாது. கம்பி பின்பக்கத்தைத் தள்ளும், நீங்க நின்னபடி போகணும். புதுசா வர்றவங்க உட்காரப் பார்த்து விழறதுதான் வழக்கமான விபத்து. பெரியவரும் 6 வயசுப் பிள்ளையும் பக்கத்துல பக்கத்துல நின்னா கம்பி பிள்ளையின் முதுகுக்கும் உங்க முழங்காலுக்கும் போய்ச் சேரும், ரெண்டு பேரும் சாய்வீங்க. சின்னவனை உங்க கால்களுக்கு நடுவுல நிறுத்திக்கோங்க. விழுந்தா உடனே தடத்தை விட்டு உருண்டு விலகணும், பின்னாடி அடுத்த கம்பி வந்துட்டே இருக்கும். நகரும் கம்பளம் உள்ள ஆரம்பச் சரிவு இருந்தா இந்த வம்பே இல்லை.

கார் இல்லைன்னா லெவி வசதி: கிட்டிலா விமான நிலையத்துல இருந்து 15 கி.மீ. தான், கிராமம் சரிவின் அடிவாரத்துலயே. ரூகாவும் அப்படித்தான், குசாமோ விமான நிலையம் ஏறக்குறைய 25 கி.மீ. யில்லாஸ் அழகு, கிராஸ் கன்ட்ரி (சமதளத்துல ஸ்கீயில நடந்து போறது) தடமே 330 கி.மீ. இருக்கு, ஆனா மலைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு கிராமம், தினமும் ஸ்கீ பஸ்சை நம்பணும். என் ஓட்டு லெவிக்கு. ஒரே குறை, உச்சி மொட்டையா இருக்கும். மேகமூட்டத்துல பனியும் வானமும் ஒண்ணாயிடும், மேடு பள்ளம் தெரியாது. அந்த நாள்ல மரங்களுக்கு நடுவுல உள்ள கீழ்ச் சரிவோட நிறுத்திக்கோங்க.

மெழுகுக்கட்டி:
சாமான் கேள்விக்கு வர்றேன். பூட்ஸ்தான் எல்லாம், ஸ்கீ அடுத்தது. அளவு சென்டிமீட்டர்ல இருக்கும்: பாதம் 26.5 செ.மீ. என்றால் 26.5. கடையில உள்லைனரை (பூட்ஸுக்குள்ள இருக்கிற மெத்தைப் பகுதி) கழற்றிட்டு வெளி ஓட்டுக்குள்ள காலை விடுங்க. கால்விரல் முன்னாடி தொடும்போது குதிகாலுக்குப் பின்னாடி ஒன்றரை முதல் 2 செ.மீ. இடைவெளி இருக்கணும். அப்புறம் லைனரோட போட்டு முழங்காலை முன்னே வளைச்சா விரல் நுனி லேசா பின்வாங்கணும். குளிருதேன்னு ரெண்டு சாக்ஸ் போடாதீங்க. ரத்த ஓட்டம் அடைபட்டு கால் சீக்கிரம் விறைக்கும். மெல்லிசான கம்பளி சாக்ஸ் ஒண்ணு போதும். உள்ளாடைப் பைஜாமாவின் விளிம்பு பூட்ஸுக்குள்ள போகாம மேலே சுருட்டிக்கோங்க. அந்த ஒரு மடிப்பு மதியத்துக்குள்ள கணுக்காலைக் கடிச்சுடும்.

பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோட பிடிச்சு வைக்கிற பூட்டு) அமைக்க எடை, உயரம், வயசு, திறமை எல்லாம் கேட்பாங்க. வெட்கப்பட்டு எடையைக் குறைச்சோ, "ஓரளவு தெரியும்"னோ சொல்லாதீங்க. எடையைக் குறைச்சுச் சொன்னா தேவையில்லாத நேரத்துல ஸ்கீ கழன்றுடும். திறமையைக் கூட்டிச் சொன்னா இறுக்கமா வச்சிடுவாங்க, விழும்போது கழலாம முழங்காலை முறுக்கும். ஸ்கீ நீளம் ஆரம்பத்துக்கு மோவாய் வரைக்கும்.

மைனஸ் 20க்குக் கீழே பனித்துகள் மணல் மாதிரி உரசும், ஸ்கீ வழுக்காது. பிள்ளை நகர முடியலைன்னு சொன்னா சோம்பேறித்தனம்னு நினைக்காதீங்க, கடையில ஸ்கீயின் அடியில கடுங்குளிருக்கான வாக்ஸ் (மெழுகு) போடச் சொல்லுங்க. கையுறை விரல் பிரிக்காத மிட்டன். நாற்காலி லிஃப்ட்ல ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாருங்க: மூக்கு, கன்னத்துல வெள்ளைத் திட்டு தெரிஞ்சா உடனே உள்ளே போய் வெதுவெதுப்பாக்கணும், தேய்க்கக் கூடாது.

தேன்சிட்டு:
மார்ச், லெவின்னு முடிவு பண்ணிட்டோம். ஷெங்கன் விசாவுக்கு எடுக்கிற காப்பீடே போதுமா?

வடக்குவாசல்:
விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனா பல பாலிசிகள்ல குளிர்கால விளையாட்டை விலக்கி வச்சிருப்பாங்க. விலக்குப் பட்டியலைப் படிங்க. தேவைன்னா ஸ்கீக்கான கூடுதல் பிரிவைச் சேர்த்துக்கோங்க. அதுலயும் குறியிட்ட சரிவுக்கு வெளியே நடந்தா கிளெய்ம் கிடையாதுன்னு இருக்கும். வகுப்பை இப்பவே பதிவு பண்ணிடுங்க, காலை வகுப்பா கேளுங்க.