திடுக்கிடுகிறாள் என்று நினைத்த ஒன்பது நாள்

மகளுக்கு அப்போது ஐந்து மாதம் முடிந்திருந்தது. பகல் தூக்கம் கலைந்து மல்லாந்து படுத்திருந்தவளின் தலை சட்டென்று முன்னால் குனிந்தது. இரண்டு கைகளும் விரிந்து மேலே எழும்பின, முழங்கால்கள் வயிற்றோடு மடங்கின. ஒரு நொடி, அவ்வளவுதான். உடனே தளர்ந்து என்னைப் பார்த்தாள். ஏழெட்டு நொடி போயிருக்கும், மறுபடியும் அதே குனிவு, அதே கை விரிப்பு. ஏதோ சத்தத்துக்குத் திடுக்கிடுகிறாள் என்று எண்ணி, எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.

அது வலிப்பு என்று தெரியாமல் ஒன்பது நாள் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டுப் பெரியவர்கள் "வயித்த வலிக்குது போல, அதான் காலை மடக்குறா" என்றார்கள். நான்காம் நாள் மருத்துவரிடம் போனோம். அங்கே போனதும் குழந்தை ஒன்றுமே செய்யவில்லை. அவருடைய பேனாவைப் பிடித்து இழுத்தாள். நான் வாயால் சொன்னதைக் கேட்டுவிட்டு வாயுவுக்குச் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதி ஐந்து நாளை விழுங்கிவிட்டது.

ஆனால் மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. பெரும்பாலும் தூங்கி எழுந்த உடனேதான் வந்தது. ஒன்றோடு நிற்காமல் சரம் சரமாக வந்தது. வயிறு வலிக்கிற குழந்தை நெளியும், முறுக்கும், அழுதுகொண்டே காலை உதைக்கும். இவளுக்கோ ஒவ்வொரு முறையும் அச்சில் வார்த்தது போல ஒரே அசைவு. அழுகை அந்தச் சரம் முடிந்த பிறகே வந்தது. எல்லாவற்றையும்விட, குரல் கொடுத்தால் திரும்பிச் சிரிப்பவள் சிரிப்பதைக் குறைத்திருந்தாள். ஒரு நாள் காலை முகத்துக்கு நேரே குனிந்து கூப்பிட்டேன். அவள் பார்வை என் தோளைத் தாண்டி எங்கேயோ நின்றது. அந்தப் பார்வையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

ஒன்பதாம் நாள் மாலை கணவர் செல்போனில் படம்பிடித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். நான்கு நிமிடத்தில் 23 தடவை. மறுநாள் வேறொரு குழந்தை நல மருத்துவர் அந்த வீடியோவை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். எங்களிடம் எதையும் விளக்குவதற்கு முன்பே குழந்தை நரம்பியல் மருத்துவருக்கு போன் செய்து, மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனையை அன்றைக்கே எடுக்கச் சொன்னார்.

தலை முழுக்கப் பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். தூக்கத்திலும் பதிய வேண்டும், விழித்த பிறகும் பதிய வேண்டும். விழிப்பில் மட்டும் எடுத்தால் சில குழந்தைகளுக்குத் தப்பிவிடும் என்றார்கள். திரையில் அலைகள் தாறுமாறாக உயர்ந்து ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன. இந்த வகை வலிப்புக்கு இன்ஃபண்டைல் ஸ்பாசம் என்று பெயர். பெரும்பாலும் ஒரு வயதுக்குள், அதிலும் நான்கிலிருந்து ஏழு மாதத்துக்குள் தொடங்குமாம். கை கால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளினால்தான் வலிப்பு என்று நான் நினைத்திருந்தேன். ஒரு நொடித் தலைக்குனிவும் வலிப்பாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நான் அழுதுகொண்டே "ஒன்பது நாள் விட்டுட்டேனே டாக்டர்" என்றபோது அவர் ஒன்று சொன்னார். இந்த நோயை முதன்முதலில் எழுதிவைத்தவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1841-இல் லான்செட் என்ற மருத்துவ இதழுக்குக் கடிதமாக எழுதினார். அதில் சொல்லப்பட்ட குழந்தை அவருடைய சொந்த மகன். நான்கு மாதத்தில் பிள்ளை லேசாகத் தலையை முன்னால் ஆட்டியதை, ஏதோ குழந்தை விளையாட்டு என்றுதான் அவரும் முதலில் எடுத்துக்கொண்டாராம். மருத்துவரான அப்பாவுக்கே அப்படி. அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

தோலில் வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று இருட்டறையில் விளக்கடித்துப் பார்த்தார்கள். டியூபரஸ் ஸ்க்ளிரோசிஸ் என்ற மரபணு நோய் இருந்தால் அப்படித் தெரியும், அதற்கு விகாபட்ரின் என்ற மருந்தைத்தான் முதலில் கொடுப்பார்கள். இவளுக்கு அது இல்லை. ஸ்டீராய்டு ஆரம்பித்தார்கள். முகம் உப்பியது, இரவெல்லாம் சிணுங்கினாள், எப்போதும் பசி. இரத்த அழுத்தம் பார்க்க அடிக்கடி போக வேண்டியிருந்தது. சில தடுப்பூசிகளைத் தள்ளிவைத்தார்கள். இரண்டாவது வாரத்தில் சரம் நின்றது. இப்போது இரண்டரை வயது. பேச்சு தாமதம்தான், பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். நேற்று பொம்மையைத் தூங்கவைத்தாள்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். எது வலிப்பாக இருந்தது, எது இல்லை, இரண்டுமே வேண்டும்.

பச்சிளங்குழந்தைப் பிரிவில் வேலை செய்யும் செவிலியர்:

அக்கா, நான் தினமும் பார்ப்பது பிறந்து சில நாளே ஆன குழந்தைகளை. அவர்களுக்கு வலிப்பு இன்னும் மெல்லியதாக வரும். கண் ஒரு பக்கமாகப் போய் நிலைத்துவிடும், பால் இல்லாமலே வாய் சப்புக்கொட்டும், சைக்கிள் மிதிப்பது போலக் கால் சுற்றும், சில நேரம் மூச்சு மட்டும் நின்று நிறம் மாறும். அம்மாக்கள் அதிகம் பயப்படுவது கை கால் நடுக்கத்தைப் பார்த்துத்தான். நடுங்குகிற கையை மெதுவாகப் பிடித்துப் பாருங்கள், அல்லது மடக்கிவையுங்கள். வெறும் நடுக்கமென்றால் உங்கள் பிடியில் நின்றுவிடும். வலிப்பென்றால் பிடித்த கைக்குள்ளேயும் துடிப்பு தெரியும். அப்படித் தெரிந்தால் அன்றைக்கே, அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். நடுக்கம்தான் என்றாலும் அடிக்கடி வந்தால் காட்டிவிடுங்கள், இரத்தத்தில் சர்க்கரையோ கால்சியமோ குறைந்தாலும் நடுங்கும். வலிப்போடு வரும் குழந்தைக்கு நாங்கள் முதலில் குத்திப் பார்ப்பதும் சர்க்கரை அளவைத்தான்.

ஒரு பையனின் அப்பா:

என் மகனுக்கு 14 மாதத்தில் காய்ச்சலோடு வந்தது. உடம்பு விறைத்து, கண் மேலே சொருகி, கை கால் இரண்டு பக்கமும் வெட்டியது. பல் நாக்கைக் கடித்துவிடும் என்று பயந்து ஸ்பூனை வாய்க்குள் வைத்தேன். ஈறு கிழிந்து இரத்தம் வந்தது. அந்த இரத்தம் வலிப்பால் வந்ததில்லை, என் கையால் வந்தது. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், கழுத்தை இறுக்கும் துணியைத் தளர்த்துங்கள், அமுக்கிப் பிடிக்காதீர்கள். தண்ணீரோ மருந்தோ வாயில் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். கடிகாரத்தைப் பாருங்கள். எனக்கு அரை மணி நேரம் போலிருந்தது. மனைவி போன் செய்த நேரத்தை வைத்துப் பார்த்தால் மூன்று நிமிடம்கூட இல்லை. ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, மூச்சு சரியில்லாமல் நீலம் பாய்ந்தாலோ, நின்று மறுபடி வந்தாலோ ஆம்புலன்ஸ்தான்.

காய்ச்சல் வலிப்பு ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை வரும், பெரும்பாலும் பின்விளைவு இல்லாமல் போய்விடும் என்று மருத்துவர் சொன்னார். ஆனால் ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சலும் வலிப்பும் சேர்ந்து வந்தால் அதைச் சாதாரணக் காய்ச்சல் வலிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாதாம். மூளைக்காய்ச்சலா என்று பார்த்தே ஆக வேண்டும். உச்சிக்குழி உப்பியிருந்தால் இன்னும் அவசரம்.

இரண்டு மாதக் குழந்தையின் அம்மா:

என்னுடையது 'இல்லை' என்று முடிந்த கதை. மகன் தூங்கும்போது மட்டும் கை கால் துள்ளும், சில நேரம் வரிசையாகப் பத்து பதினைந்து தடவை. எழுப்பினால் அந்த நொடியே நின்றுவிடும். விழித்திருக்கும்போது ஒரு தடவைகூட வந்ததில்லை, பாலும் நன்றாகக் குடித்தான். வீடியோவைக் காட்டினேன். இ.இ.ஜி. சரியாக இருந்தது, தூக்கத் துள்ளல்தான், சில மாதங்களில் போய்விடும் என்றார்கள். இதற்குப் போய் ஓடி வந்தோமே என்று கூச்சமாக இருந்தது. அந்த மருத்துவரோ "பத்துப் பேர் இப்படி வரட்டும், அதுல ஒருத்தர் தப்பாம இருந்தாப் போதும்மா" என்றார்.

மூன்று மாதத்தில் மகளுக்கு வலிப்பு வந்த அம்மா:

எழுதவே கை நடுங்குகிறது. மாவுப் பால் சீக்கிரம் தீராமல் இருக்க, சொன்ன அளவைவிடத் தண்ணீரைக் கூட்டிக் கலந்தேன். இடையில் தாகத்துக்கென்று வெறும் தண்ணீரும் கொடுத்தேன். இரத்தத்தில் சோடியம் இறங்கிப்போய் வலிப்பு வந்தது. ஆறு மாதத்துக்குள் தனியாகத் தண்ணீர் தேவையே இல்லை என்பதை மருத்துவமனைக் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டுதான் தெரிந்துகொண்டேன். சோடியத்தை மெல்ல மெல்லச் சரிசெய்தார்கள். நன்றாக இருக்கிறாள். டப்பாவில் போட்டிருக்கும் அளவை ஒரு கரண்டிகூட மாற்றாதீர்கள்.

முதலில் எழுதியவள்:

எல்லோருக்கும் நன்றி. மாவுப் பால் பற்றி எழுதிய தோழி, உங்கள் கதையை எழுதியதற்குத் தனியாக நன்றி, அது இன்னொரு குழந்தைக்கு உதவும்.

வீடியோ எப்படி எடுப்பது என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். போர்வையை விலக்கிவிடுங்கள், முகமும் கை காலும் ஒன்றாகத் தெரிய வேண்டும். விளக்கைப் போடுங்கள். குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், திரும்புகிறதா என்பது பதிவாகும். முடிந்தபிறகும் ஒரு நிமிடம் விடாமல் எடுங்கள். எங்கள் வீடியோவில் கடைசியில் 'என்னம்மா, என்னம்மா' என்று என் குரல் கேட்கிறது, அவள் திரும்பவில்லை. மருத்துவர் இரண்டாம் முறை ஓட்டிப் பார்த்தது அந்த இடத்தைத்தான்.

குழந்தை மூச்சுக்குத் தவித்தாலோ நிறம் மாறினாலோ செல்போனைக் கீழே போட்டுவிட்டுக் குழந்தையைப் பாருங்கள்.