மறு: பீடைச் சொற்கள் – செயல் மட்டம், காவற்பூச்சி, மாற்றெழுச்சி

வணக்கம்.

மருந்தை மட்டும் நம்பாமல் பல வழிகளாலும் பயிரைக் காக்கிற முறைக்கு (ஆங்கிலத்தில் Integrated Pest Management) தமிழில் என்ன பெயர் வைப்பது என்று இந்தக் குழுவில் நிறையப் பேசியாகிவிட்டது, அதனால் என் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். தமிழ்நாட்டில் 'ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை' வேரூன்றிவிட்டது, இலங்கையில் 'ஒருங்கிணைந்த பீடை முகாமைத்துவம்'. எனக்குப் பீடைதான் வேண்டும், பயிரைக் கெடுக்கிற எந்த உயிரும் அதற்குள் அடங்கும். நுவரெலியாவில் உருளைக்கிழங்கைக் கெடுக்கிற வட்டப்புழுவும் தேயிலையில் ஏறுகிற சிற்றுண்ணியும் பூச்சி இல்லை, ஆனால் பீடை. அதேபோல தோட்டத்தில் பறக்கிற பூச்சிகளில் பெரும்பாலானவை பயிருக்கு ஒரு கெடுதலும் செய்யாதவை, அவற்றை எதற்கு அந்தப் பெயருக்குள் இழுக்க வேண்டும்? 'முகாமைத்துவம்' நீளம், 'முகாமை' போதும். சரி, அது அவ்வளவுதான்.

எனக்கு அவசரமாகத் தேவைப்படுவது வேறு. இலங்கை மலையகத்தில் வெலிமடைப் பக்கம் மரக்கறி செய்கிறவர்களுக்கான ஒரு சிறு கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் முதல் பக்கத்திலேயே ஒரு கேள்வி வந்துவிடுகிறது: இன்றைக்கு மருந்தடிக்க வேண்டுமா, வேண்டாமா? கோவா (முட்டைக்கோஸ்) பாத்திக்குள் இறங்கி வெளி இலையைப் புரட்டிப் பார்த்தால் இரண்டு மூன்று பச்சைப் புழு இருக்கும், விரல் பட்டதும் நெளிந்து நூல் விட்டுக் கீழே தொங்கும், அது தின்ற இடத்தில் இலையின் மேல்தோல் மட்டும் கண்ணாடித்தாள் மாதிரி மிஞ்சியிருக்கும். வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு அது. அந்த இரண்டு மூன்று புழுவைக் கண்டவுடன் மருந்து டாங்கியைத் தோளில் மாட்டுகிறவர் ஒருவர், இன்னும் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம் என்று நிற்கிறவர் இன்னொருவர். இந்த இரண்டாமவருக்குக் கையில் கொடுக்க நம்மிடம் ஒழுங்கான சொல் இல்லை.

கருத்து புதியதில்லை. 1959இல் கலிபோர்னியாவில் ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பொஷ், ஹேகன் என்ற நான்கு பூச்சியியலாளர்கள் குதிரைமசால் என்ற தீவனப் பயிரில் வந்த அசுவுணியை (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) வைத்து எழுதிய கட்டுரையில் இரண்டு அளவுகளைத் தனித்தனியாகப் பிரித்தார்கள். ஒன்று, பீடை இவ்வளவு பெருகினால் உண்மையிலேயே பணநட்டம் தொடங்கும் என்கிற அளவு. மற்றது அதற்குக் கீழே இருப்பது, அதாவது பீடை ஏறிக்கொண்டே போய் அந்த நட்டத்தைத் தொடுவதற்குள் நாம் ஏதாவது செய்தாக வேண்டிய அளவு. தமிழில் நான் பார்த்த பல துண்டுப்பிரசுரங்களில் இரண்டுக்குமே 'பொருளாதார சேதநிலை' என்றுதான் போட்டிருக்கிறார்கள். அப்படிப் போட்டால் விஷயமே கெட்டுவிடுகிறது, ஏனென்றால் சேதம் வந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது. இரண்டாவது அளவுக்கு, economic threshold என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்து இங்கே ஒருவர் முன்வைத்த 'பொருளாதார வாசல்' எனக்கு ஒத்துவரவில்லை. வாசல் என்றால் வீட்டு வாசலும் கோயில் வாசலும்தான் மனசுக்கு வரும், புழு எண்ணுவது வராது.

என் முன்மொழிவு: நட்டம் தொடங்கும் அளவுக்கு 'நட்ட மட்டம்', கை வைக்க வேண்டிய அளவுக்கு 'செயல் மட்டம்'. மழைக்காலத்தில் மகாவலியும் களனியும் ஏறும்போது வானொலியில் எச்சரிக்கை மட்டம், வெள்ள மட்டம் என்று இரண்டைச் சொல்கிறார்களே, அதே கணக்கு. ஆறு எச்சரிக்கை மட்டத்தைத் தொடும்போது யாருடைய வீடும் நனைந்திருக்காது, ஆனால் சாமானைத் தூக்கி மேலே வைக்க அதுதான் நேரம். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு மட்டம் என்றால் தரம் குறைந்தது என்ற பொருளும் உடனே தோன்றும், தெரியும், ஆனாலும் நீர்மட்டமும் கடல்மட்டமும் அங்கேயும் புழங்குகிற சொற்கள்தானே. 'எல்லை' என்று வைக்கலாம் என்றவருக்கும் இதுதான் பதில்: எல்லை போட்ட இடத்திலேயே நிற்கும், இது நிற்காது. ஒரு தடவை மருந்தடிக்க மருந்தும் கூலியுமாக 6000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கோவா கிலோ 60 ரூபா போனால் 100 கிலோவைக் காப்பாற்றினால்தான் போட்ட காசு திரும்பும், 120 ரூபா போனால் 50 கிலோ போதும். ஆகவே விலை ஏறினால் நட்ட மட்டம் இறங்கும், மருந்து விலை ஏறினால் மட்டமும் ஏறும். ஏறி இறங்குவதற்கு மட்டம்தான் சரியான சொல்.

'செயல்' என்று பொதுவாக வைத்ததற்கும் காரணம் உண்டு. 2021 மே மாதத்தில் இலங்கையில் இரசாயன உரத்தையும் பீடைநாசினிகளையும் இறக்குமதி செய்வதற்குத் தடை வந்து, நவம்பரில் அது நீக்கப்படும்வரை மலையகத்து மரக்கறிக்காரர்களும் தேயிலைக்காரர்களும் பட்ட பாட்டை நான் விளக்கத் தேவையில்லை. அதற்குப் பிறகு 'மருந்தைக் குறைக்கலாம்' என்று யார் வாயைத் திறந்தாலும், திரும்பவும் அதையா சொல்ல வருகிறீர்கள் என்றுதான் முதல் கேள்வி வருகிறது. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வேறு வழி எதையும் பழக்காமல் ஒரே நாளில் மருந்தை எடுத்துவிடுவதற்கும், மருந்தைக் கடைசியில் வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் உள்ளதையெல்லாம் செய்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். செயல் மட்டத்தைத் தாண்டினால் செய்வது புழு பிடித்த இலையைக் கிள்ளி அழிப்பதாக இருக்கலாம், புழுவுக்கு நோய் தரும் பக்டீரியாத் தூளாக இருக்கலாம், தேவைப்பட்டால் பூச்சிநாசினியாகவும் இருக்கலாம். சொல்லுக்குள் தடையும் இருக்கக்கூடாது, கட்டாயமும் இருக்கக்கூடாது.

அடுத்தது 'இயற்கை எதிரிகள்', அதாவது பீடைகளைக் கொன்று நமக்கு உதவுகிற உயிர்களுக்குப் பாடநூல் வைத்திருக்கிற பெயர். பாடநூலில் இருக்கட்டும், கையேட்டில் வேண்டாம். யாருக்கு எதிரி என்று அந்தச் சொல்லில் தெரியவில்லை. அவற்றில் புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிற சிறு குளவிகளுக்கு வைத்த 'ஒட்டுண்ணி' அதைவிடச் சிக்கல், 'உங்கள் கோவாவில் ஒட்டுண்ணி இருக்கிறது' என்றால் அதற்கு என்ன மருந்து என்று கேட்பார்கள், யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்பார்கள். 'ஒட்டுண்ணிக் குளவி' என்று எழுதலாமே என்று சொன்னவர் மலையகத்துக்கு வெளியே இருக்கிறார் என்று நினைக்கிறேன். இங்கே தேயிலைக் கொழுந்து எடுக்கிற மலையில் குளவி கிளம்பிப் பத்துப் பதினைந்து பேர் ஒரேயடியாக வைத்தியசாலைக்குப் போகிற செய்தி வராத வருடமே கிடையாது, உயிர்களும் போயிருக்கின்றன. அந்த மலையில் நிற்கிற பெண்ணிடம் 'குளவியைக் காப்பாற்றுங்கள்' என்று எந்த முகத்தோடு சொல்வது? நாம் சொல்கிற பூச்சி சில மில்லிமீட்டர் நீளம், ஆளைக் கொட்டுவதும் இல்லை. அதனால்தான் 'காவற்பூச்சி' என்கிறேன். புழுவுக்குள் முட்டையிடுவது, அசுவுணியைப் பிடித்துத் தின்னும் பொறிவண்டு எல்லாம் அதற்குள் அடங்கும். சிலந்தி பூச்சியில்லை என்று ஒருவர் எழுதுவார், உண்மைதான், சிலந்தியைச் சிலந்தி என்றே எழுதிவிடலாம்.

அப்புறம் மூன்றாவது சொல், எனக்கு மிக முக்கியமானது: ஒரு பீடைக்கு அடித்த மருந்தால் வேறொரு பீடை கிளம்புவதைக் குறிப்பது. தேயிலை இலைகளை நூலால் சேர்த்து ஒட்டி உள்ளே இருந்துகொண்டு தின்கிற ஒரு புழு, ஹொமோனா என்று பெயர், அந்தக் காலத்தில் இலங்கையில் பெரிய தொல்லையாக இருந்தது. 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற காவற்பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது பரவி நிலைகொண்டது, புழு அடங்கிவிட்டது, வருடக்கணக்காக அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு தேயிலைக் கிளைக்குள் துளை போட்டு, உள்ளே பூஞ்சணம் வளர்த்து அதைத் தின்கிற வண்டுக்கு எதிராக டீல்ட்ரின் என்ற பூச்சிநாசினியை அடித்தார்கள். கிளை முறிந்து விழுகிறதே, அந்த வண்டுதான். டீல்ட்ரின் அடித்த இடங்களில் காவற்பூச்சி செத்தது, அடங்கிக் கிடந்த ஹொமோனாப் புழு திரும்பவும் கிளம்பியது. உலகத்துப் பூச்சியியல் வகுப்புகளில் சொல்லித்தருகிற உதாரணம் இது, நடந்தது நம் மலைகளில், ஆனால் அதைக் குறிக்க நம் மொழியில் ஒரு சொல் புழக்கத்தில் இல்லாதது எனக்குப் பெரிய மனக்குறை.

'மீளெழுச்சி' என்று சிலர் எழுதுகிறார்கள். அது இன்னொன்று. எந்தப் பீடைக்கு மருந்தடித்தோமோ அதுவே முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தால் அது மீளெழுச்சி. இங்கே அடித்தது வண்டுக்கு, எழுந்தது புழு. அதற்கு 'மாற்றெழுச்சி' என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். 1990களில் உருளைக்கிழங்கில் வந்த இலைதுரப்பி ஈயைப் பற்றிச் சொல்லவும் இந்த இரண்டு சொற்களும் வேண்டும். அதன் புழு இலைத் தோலுக்குள்ளேயே வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போவதால் மேலே அடிக்கிற பல மருந்துகள் அதைச் சரியாகத் தொடுவதில்லை, வெளியே திரிகிற காவற்பூச்சிகளைத் தொட்டுவிடுகின்றன. ஈக்கென்றே அடித்து ஈ கூடினால் மீளெழுச்சி, அசுவுணிக்கு அடித்து ஈ கூடினால் மாற்றெழுச்சி.

கையேட்டில் வரப்போகிற ஒரு பத்தியைக் கீழே போடுகிறேன், சொற்கள் வாயில் உருள்கின்றனவா என்று வாசித்துப் பாருங்கள்:

'கிழமைக்கு ஒருமுறை பாத்தியின் நாலு மூலையிலும் நடுவிலும் செடிகளைப் புரட்டிப் புழுவை எண்ணுங்கள். எண்ணிக்கை செயல் மட்டத்துக்குக் கீழே இருந்தால் மருந்து வேண்டாம், அடுத்த கிழமை திரும்ப எண்ணுங்கள். வலைபோன்ற கூட்டுக்குள் பச்சைக் கூட்டுப்புழுவுக்குப் பதிலாகக் கறுத்த உருளை தெரிந்தால் அதைச் சேதப்படுத்தாதீர்கள், உள்ளே இருப்பது காவற்பூச்சி.'

'செயல் மட்டம்' இரண்டு சொல்லாகவே இருக்கட்டுமா, சேர்த்து எழுதலாமா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. 'மாற்றெழுச்சி'யில்தான் தயக்கம், கேட்கிற காதுக்கு அரசியல் எழுச்சி மாதிரி ஒலிக்கிறது. அதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் அச்சுக்குப் போவதற்கு முன் எழுதுங்கள்.